அசனா ஊதிய தேத்தண்ணி

எறும்புகள்தான் முதலில் காட்டிக்கொடுத்தன.

வெள்ளைமணல் ஊரில் அசனாவின் வீட்டுப் படுக்கையறை யன்னலுக்கு நேர் கீழே, வெளிச்சுவரோடு ஒட்டி, மண் கறுத்துக் கிடந்தது. உடுப்புக் காயப்போடப் பின்பக்கம் வந்தவள் குனிந்து பார்த்தாள். சிற்றெறும்புகள் வரிசை பிடித்து அந்த ஈரத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தன. மண்ணை விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனாள். தேயிலைச் சாயம், பால்மா, சீனி. அவளே ஆற்றி, அவளே கொண்டுபோய்க் கொடுத்த தேத்தண்ணி.

கையிலிருந்த ஈரச் சாரத்தை உதறவும் மறந்து நின்றாள். சற்று முன்னர்தான் அவளுடைய கணவன் அப்ராஸ் வெறுங்கோப்பையைக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்தான். "நல்லாயிருந்திச்சி" என்று சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு வேலைக்குப் போனான்.

அசனாவின் தேத்தண்ணியை ஒருவன் மண்ணில் ஊற்றினான் என்று அந்த ஒழுங்கையில் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். அவள் அபூதாஹிரின் இளைய மகள். துறைமுகத்தில் மூட்டை இறக்கி இறக்கி முதுகு வளைந்த மனிதர் அவர். மூத்தவள் பஹ்மியாவுக்கும் இளையவள் அசனாவுக்கும் பக்கத்துப் பக்கத்தில் வீடு எழுப்பிக் கொடுத்துவிட்டுத்தான் மவுத்தானார். இரண்டு வளவுக்கும் நடுவே ஒரு தகரவேலி; அதிலும் ஒரு தகரத்தை வேண்டுமென்றே ஆணி அடிக்காமல் விட்டிருந்தார், அக்காவும் தங்கையும் போய்வர. அசனா பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள், வீட்டிலிருந்து தைக்கிறாள். அவள் வெட்டிய கழுத்து கோணியதாக ஒருவரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. எதைச் செய்தாலும் அதற்கு ஓர் ஒழுங்கு வைத்திருப்பாள்.

தேத்தண்ணிக்கும் அப்படித்தான். கடைகளில் பால்மா இல்லாமல் போன காலத்தில் அவளுக்கு அந்தக் கை வந்தது. வெயிலில் வரிசையில் நின்று வாங்கிய ஒரு பைக்கற்றை இரண்டு வீட்டுக்கும் பங்கிட வேண்டும். பால் போதாத தேத்தண்ணியைக் கண்டு வாப்பா, "என்ன மகள், கோப்பை கழுவின தண்ணியா?" என்று கேட்டார். பாலைக் கூட்ட வழியில்லை. நன்றாக ஆற்றினால் நுரை கூடும், நுரை கூடினால் நாக்குக்குப் பால் கூடினது போலிருக்கும் என்று அவளாகவே பிடித்துக்கொண்டாள். தொடக்கத்தில் பாதித் தேத்தண்ணி நிலத்துக்குப் போயிற்று. மணிக்கட்டில் சூடுபட்ட தழும்பு இப்போதும் இருக்கிறது. பால்மா மறுபடி கடைக்கு வந்த பிறகும் ஆற்றுவதை அவள் விடவில்லை. பிள்ளைக்குப் பெயர் வைத்தாலும் சரி, மவுத்தானவருக்குக் கத்தம் ஓதினாலும் சரி, "தேத்தண்ணிக்கு அசனாவைக் கூப்பிடுங்க" என்பார்கள்.

அவள் செய்யும் விதம் இதுதான். முதலில் கோப்பைகளைச் சுடுதண்ணியில் அலசிக் கவிழ்ப்பாள். குளிர்ந்த கோப்பையில் நுரை நிற்காது. பால்மாவையும் சீனியையும் உலர்ந்தபடியே கலந்து, கொஞ்சம் வெதுவெதுத்த தண்ணி விட்டுக் களியாகக் குழைப்பாள். அப்போதுதான் கட்டி விழாது. தேயிலையைத் துணி வடியில் போட்டு, கொதிதண்ணியை ஒரேயடியாகக் கொட்டாமல் விட்டு விட்டு ஊற்றுவாள். சாயம் கறுக்க வேண்டும், ஆனால் கசக்கக் கூடாது. பிறகு ஆற்றல். வலக்கையில் நீண்ட பிடி வைத்த சில்வர் ஜக்கு, இடக்கையில் பெரிய பேணி. வலக்கை தலைக்கு மேலே போகும். இடக்கை இடுப்புக்குக் கீழே இறங்கும். நடுவே தேத்தண்ணி செம்மண் நிறத்தில் ஒரு கயிறு போல நீண்டு, ஒரு துளியும் வெளியே சிந்தாமல் பேணிக்குள் போய்ச் சேரும்.

அப்படி ஆற்றும்போது அவளுடைய உதடுகள் அசையும். "ஏறு, ஏறு, இன்னும் கொஞ்சம் ஏறு" என்று நுரையோடு கதைப்பாள். சத்தம் வெளியே வராது. கோப்பையில் ஊற்றியதும் குனிந்து ஒருதரம் மெல்ல ஊதுவாள். பெரிய குமிழ்கள் உடைந்துபோகும். பொடிக் குமிழ்கள் மட்டும் தங்கி, மேலே பட்டுத் துணி விரித்தது போலிருக்கும். தான் கதைப்பதையும் ஊதுவதையும் அவள் கவனிப்பதில்லை. ஊசியில் நூல் கோக்கும்போது நூல் நுனியை நாக்கில் வைப்பதுபோல அதுவும் ஒரு பழக்கம்.

இந்தத் தேத்தண்ணியைத்தான் அப்ராஸ் யன்னலால் ஊற்றியிருந்தான்.

அசனா தகரத்தைத் தள்ளித் தலையை நீட்டினாள். "ராத்தா, ஒருக்கா இங்கால வாங்களேன்."

"என்னடி, பாம்பா?"

"பாம்பெண்டாலும் பரவாயில்ல."

பஹ்மியா மாவுக் கையோடு வந்தாள். ஈர மண்ணைப் பார்த்தாள், எறும்புகளைப் பார்த்தாள், யன்னலை அண்ணாந்து பார்த்தாள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"நான் அப்பவே நினைச்சன்" என்றாள். "அவன்ட மீசையைக் கவனிச்சியா?"

"மீசைக்கென்ன?"

"என்ட மனிசன் உன்ட தேத்தண்ணியைக் குடிச்சாரெண்டா, மூக்குக்குக் கீழ வெள்ளை அடிச்ச மதில் மாதிரி இரிக்கும். தோள்ல துடைச்சித் துடைச்சி சேர்ட்டெல்லாம் கறை. உன்ட புருசன்ட மீசையில நான் ஒருநாளும் நுரை கண்டதில்ல."

நினைத்துப் பார்த்தால் அசனாவும் கண்டதில்லை.

கலியாணம் முடிந்து அப்ராஸ் இந்த வீட்டுக்கு வந்து நெடுநாளாகவில்லை. அவன் மூதூர்க்காரன். வள்ளங்களுக்குப் பூட்டும் எஞ்சின் திருத்துவதில் கெட்டிக்காரன். சீனன்குடாப் பக்கம் ஒரு திருத்துமிடத்தில் வேலை. அந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து குடியிருக்க வேண்டும். வந்தான்தான். உடுப்புப் பை வந்தது, தலையணைகூட வந்தது. அவனுடைய சொந்த ஸ்பானர் பெட்டி மட்டும் மூதூரில் உம்மாவின் அலுமாரிக்குக் கீழேயே இருந்தது. கேட்டால், "அடுத்த வெள்ளி எடுக்கலாம்" என்பான். வெள்ளிக்கிழமை கிண்ணியாப் பாலம் தாண்டி உம்மாவிடம் போவான், வெறுங்கையோடு திரும்புவான்.

"ஸ்பானர் பெட்டி வராத மாப்பிள்ளை விருந்தாளி" என்று பஹ்மியா ஒருநாள் சொல்லியிருந்தாள். "விருந்தாளி எந்த நேரமும் எழும்பிப் போகலாம்." அந்தச் சொல் அசனாவின் காதில் முள்ளாகக் குத்தி நின்றது. அந்தப் பெட்டி இந்த வீட்டுப் படியேறுமா, ஏறாதா? படுத்தாலும் எழுந்தாலும் அவளுக்கு அந்த ஒரு நினைப்புத்தான். இப்போது அதோடு இந்த எறும்பும் சேர்ந்துகொண்டது.

மறுநாள் காலை கோப்பையை நீட்டியபோது அவன் முகத்தையே பார்த்தாள். "ஃபோன் சார்ஜில கிடக்கு" என்று சொல்லிக்கொண்டு கோப்பையோடு அறைக்குள் போனான். திரும்பி வந்தபோது கோப்பை வெறுமை. மீசை காய்ந்த வைக்கோல் போலிருந்தது.

"எப்படி?"

"நல்லாயிருந்திச்சி."

"சீனி?"

"அளவு."

பொய் சொல்லும்போது மனிதர்கள் அதிகம் பேசுவார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். இவன் குறைத்துப் பேசினான்.

பால் ஒத்துக்கொள்ளாத வயிறோ என்று ஒரு பகல் முழுக்க அவனுக்காகவே சாக்குத் தேடினாள். அந்தச் சாக்கையும் அன்று மாலை பஹ்மியாவின் கணவன் அஷ்ரப் உடைத்துப்போட்டான். சீனன்குடாச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் அப்ராஸைக் கண்டானாம்.

"பால் தேத்தண்ணி. நல்லா ஆத்தி, நுரை பொங்க வாங்கி, கண்ணை மூடிக் குடிச்சிட்டிருந்தான். என்னைக் கண்டதும் கோப்பையைப் பலகையில வச்சிட்டு, 'சும்மா வந்தனான் மச்சான்' எண்டான். நான் கேக்கவே இல்ல."

பஹ்மியாவின் கண் இடுங்கியது. "அந்தக் கடையில பொம்பிளை ஆராவது நிக்கிறாவா?"

"கடைக்காரன் ஹிஸ்புல்லாதான் நிக்கிறான். தாடி நெஞ்சு வரைக்கும் தொங்குது. அந்த அழகைப் பாக்கவா இவன் போறான்?"

"நீங்க எல்லாத்துக்கும் சிரிங்க."

அசனா சிரிக்கவில்லை. "அப்ப பாலிலயும் பிழையில்ல, நுரையிலயும் பிழையில்ல" என்றாள். "பிழை என்ட கையிலதான்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் கண்கள் மட்டும் வேலை செய்தன. அவன் போனை எடுத்தால் அவள் தையல் மெஷினை நிறுத்திக் காது கொடுத்தாள். அவள் குசினிக்குள் போனால் அவன் தண்ணி குடிக்கும் சாட்டில் பின்னாலேயே வந்தான். சோற்றை அவன் உண்டான். மீன் ஆணத்தை விரல் சூப்பி உண்டான். தேத்தண்ணி மட்டும்தான் யன்னலால் போயிற்று. சோற்றுக்கு இல்லாத எது தேத்தண்ணிக்கு இருக்கிறது? எத்தனை தரம் யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

பிறகு அந்த நூலைக் கண்டாள். அவன் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தான். துவாய் கொடுக்கப் போனவள், இடது மேற்கையில் இறுக்கிக் கட்டிய கறுப்பு நூலைப் பார்த்தாள். போன வாரம் அது இல்லை.

"இது என்ன?"

அவன் அவசரமாகத் துவாயைத் தோளில் போட்டான். "உம்மா கட்டினா. காய்ச்சலுக்கு."

"எப்ப காய்ச்சல் வந்த?"

"வராம இருக்கத்தான்."

அவள் உள்ளே வந்து மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். காவலுக்குக் கட்டும் நூல் அது. யாரிடமிருந்து காவல்? இந்த வீட்டில் அவளைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

அடுத்த நாள் காலை அவள் ஆற்றிக்கொண்டிருந்தபோது, உயர்த்திய சில்வர் ஜக்கின் வயிற்றில் ஏதோ அசைந்தது. குசினி வாசலில் அப்ராஸ் நின்றிருந்தான். ஜக்கின் வளைவில் அவன் முகம் நீண்டு தெரிந்தது. அவன் அவளுடைய கைகளைப் பார்க்கவில்லை, தேத்தண்ணியையும் பார்க்கவில்லை. அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் திரும்பவில்லை. கோப்பையில் ஊற்றி, வழமைபோலக் குனிந்து ஊதிவிட்டு, கொண்டுபோய் முன்கதிரையில் உட்கார்ந்திருந்தவன் முன்னால் வைத்தாள். எதிரே தானும் உட்கார்ந்தாள்.

"குடிங்க."

"ஆறட்டும்."

"ஆத்தித்தானே கொண்டுவந்த."

அவன் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அசனா கோப்பையை எடுத்தாள். பாதியை மடமடவென்று குடித்தாள். மீதியை அவன் பக்கம் தள்ளினாள்.

"நஞ்செண்டா நான் முதல்ல மவுத்தாகிறன். இப்ப குடிங்க."

அவன் கோப்பையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். வாய் தவறி வந்தது சொல்: "ஓதினவங்களுக்கு அது ஒண்டும் செய்யாதாம்."

வெளியே பஹ்மியாவின் கோழி தகரத்தைக் கொத்தும் சத்தம் கேட்டது.

"ஆர் ஓதின?"

அவன் கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

"கேக்கிறன். ஆர் ஓதின?"

"நீதான்" என்றான் அப்ராஸ். அடக்கி வைத்திருந்தது எல்லாம் ஒன்றாக வந்தது. "ஆத்தக்குள்ள வாய்க்குள்ள என்னமோ சொல்லுறாய். சொல்லி முடிச்சிட்டு ஊதுறாய். ஒவ்வொரு நாளும் பாத்திட்டுத்தான் இரிக்கன். கலியாணம் முடிஞ்ச கிழமை உம்மா இங்க வந்து நிண்டாவே, அவதான் முதல்ல கண்டா. 'மகன், அந்தப் புள்ளட தேத்தண்ணியை மட்டும் குடிச்சிராத. நுரைக்குள்ள என்ன இரிக்கெண்டு தெரியாது' எண்டா."

காய்ச்சல்காரப் பிள்ளைக்குத் தண்ணியில் ஓதி ஊதிக் கொடுப்பது அங்கே எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அசனாவின் உம்மாவும் செய்தவர்தான். அது நன்மைக்கு. ஆனால் அதே உதட்டசைவையும் அதே ஊதலையும் கெட்ட எண்ணத்தோடு செய்தால் ஓர் ஆண்பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துவிடலாம் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. பெண்வீட்டுக்குப் போன மகன் வருவதைக் குறைத்துக்கொண்டால், 'என்னத்தை ஓதிக் குடுத்தாங்களோ' என்று ஒரு சொல் ஊருக்குள் சுற்றும்.

"நான் நுரையோடதான் கதைக்கிறன்" என்றாள் அசனா. சொல்லும்போதே அது எவ்வளவு நம்ப முடியாததாக இருக்கிறது என்று அவளுக்கு விளங்கியது. "ஏறு, ஏறு எண்டு சொல்லுவன். பெரிய குமிழ் உடையத்தான் ஊதுறன்."

"நுரைக்குக் காது இரிக்கா?"

"உங்கட நூலுக்குக் கண் இரிக்கா, காவல் நிக்க?"

அவன் கை தானாக மேற்கையைப் பொத்தியது. கொஞ்சம் வெட்கப்பட்டதுபோலிருந்தது. "நான் நம்புறன்" என்றான் மெதுவாக. கோப்பையை மட்டும் எடுக்கவில்லை.

அசனா அழவில்லை. அழுதால் அதற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடிப்பார்கள். கோப்பையை எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து சொன்னாள்: "வெள்ளிக்கிழமை நானும் மூதூருக்கு வாறன்."

"எதுக்கு?"

"மாமிக்குத் தேத்தண்ணி ஆத்த."

பஹ்மியாவுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. ஆனாலும் தங்கை ஒன்றை நினைத்துவிட்டால் மாறமாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை வாசலில் நின்று புத்தி சொன்னாள்.

"ஜக்கைக் கொண்டு போகாத. தேயிலை, சீனி ஒண்டும் கொண்டு போகாத. பிறகு, அதுக்குள்ளதான் வச்சிருந்தாளெண்டு சொல்லுவா. கைப்பையையும் இங்க வை. குசினிக்குள்ள நுழைய முதல் ரெண்டு கையையும் விரிச்சிக் காட்டு."

"வாயையும் காட்டவா?"

"வாய்தானே உனக்கு வினை" என்றாள் பஹ்மியா. "அதைத் தைச்சிட்டா எல்லாம் சரி."

மோட்டார் சைக்கிளில் ஏறக் கால் தூக்கிய அசனா அப்படியே நின்றாள். பிறகு ராத்தாவைப் பார்த்துச் சிரித்தாள். பஹ்மியாவுக்கு அந்தச் சிரிப்பின் காரணம் விளங்கவில்லை. விளங்காததால் இன்னும் பயம் பிடித்தது.

மூதூரில் மாமி வாசலிலேயே நின்றார். அப்ராஸின் வாப்பா கடலோடு போய்ச் சேர்ந்து நெடுங்காலம். மூத்த மகன் ஹஸ்மி கிண்ணியாவில் பெண் எடுத்தவன்; இப்போது பெருநாளுக்குப் பெருநாள்தான் முகம் காட்டுகிறான். மிஞ்சியது இளையவன். அந்த இளையவனின் பின்னால் மருமகள் இறங்குவதைக் கண்டதும் மாமியின் முக்காடு தானாக ஒருதரம் இறுகியது.

"என்ன புள்ள, சொல்லாம கொள்ளாம?"

"தேத்தண்ணி ஆத்தித் தரலாமெண்டு வந்தன் மாமி."

மாமி மகனைப் பார்த்தார். மகன் நிலத்தைப் பார்த்தான்.

அசனா இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுக் குசினிக்குள் போனாள். மாமியின் கேத்தல், மாமியின் தேயிலை, மாமியின் சீனிப்போத்தல். மாமி ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு, கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டார். அசனா அடுப்பை மூட்டினாள். பால்மாவையும் சீனியையும் குழைத்தாள். சாயம் இறங்கியது. ஆற்றுவதற்குப் பாத்திரத்தைக் கையில் எடுக்கும் முன்னால், மாமியின் குடிதண்ணிப் பானையில் ஒரு கோப்பை மொண்டு, வாய் நிறைய எடுத்துக்கொண்டாள். விழுங்கவில்லை. இரண்டு கன்னமும் உப்பி நின்றன.

"என்னகா இது? பல் நோவா?"

அசனா தலையசைத்து இல்லையென்றாள். வாசல் நிலையில் சாய்ந்திருந்த அப்ராஸுக்கு அப்போதுதான் விளங்கியது. "வாய்க்குள்ள தண்ணி இரிக்கி, உம்மா" என்றான். "தண்ணியை வச்சிட்டு ஓதவும் ஏலா, ஊதவும் ஏலா."

மாமியின் முகம் சிவந்தது. "நான் எப்ப அப்படிச் சொன்னன்?"

"நீங்கதான் சொன்னீங்க."

"சொன்னதை அவளுக்கிட்டப் போய்ச் சொல்லச் சொன்னனா? வாயில ஒரு சொல் நிக்காத புள்ளையைப் பெத்திருக்கன்."

அசனா ஆற்றத் தொடங்கினாள். மாமியின் பாத்திரங்கள் கைக்குப் புதிது, பிடி குட்டை. ஆனாலும் கயிறு அறவில்லை. மேலே போய்க் கீழே வந்து, மேலே போய்க் கீழே வந்து, நுரை பொங்கியது. மாமி வைத்த கண் வாங்காமல் அந்த உப்பிய கன்னங்களையே பார்த்திருந்தார். ஒரு கோப்பை நிறைத்து, அசனா அதை மாமியின் முன்னால் வைத்தாள்.

நுரை நிறைய இருந்தது, அழகாக இல்லை. கண்ணாடிக் குண்டுகள் போலப் பெரிய பெரிய குமிழ்கள் விளிம்பைத் தாண்டி நின்றன.

"இது என்ன, சவுக்காரத் தண்ணி மாதிரி?" என்றார் மாமி. "இதுக்கா ஊரெல்லாம் உன்னைக் கூப்பிடுறாங்க? இதை எப்படி வாயில வைக்கிற?"

பதில் சொல்ல அசனாவுக்கு வாய் இல்லை. தோளை மட்டும் உயர்த்தினாள். மாமி கோப்பையைக் கையில் எடுத்தார், முகத்தைச் சுளித்தார், குனிந்தார். பூ என்று ஒருதரம் ஊதினார்.

பெரிய குமிழ்கள் உடைந்தன. கீழிருந்த பொடி நுரை மேலே வந்து ஒரே சீராகப் படர்ந்தது.

அடுப்பில் கேத்தல் மூடி தட்டிக்கொண்டிருந்தது. அசனா மெதுவாகப் பின்கதவுக்குப் போய், வாயிலிருந்த தண்ணியைத் துப்பிவிட்டு, முக்காட்டு நுனியால் உதட்டைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"மாமி, நீங்க என்ன ஓதினீங்க?"

"நான் எங்க புள்ள ஓதின? அந்தக் குமிழியை..." என்று தொடங்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

அப்ராஸ் வந்து உம்மாவின் கையிலிருந்த கோப்பையை வாங்கினான். நின்றபடியே குடித்தான். இடையில் நிறுத்தவில்லை. கோப்பையை இறக்கியபோது அவன் மீசை முழுக்க நுரை. அசனா அதைப் பார்த்தாள். உடனே பார்வையை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மாமி அடுப்பு விறகை உள்ளே தள்ளினார். பிறகு யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார். "ஹஸ்மி ஒவ்வொரு வெள்ளியும் வருவான். பிறகு மாசத்துக்கொருக்கா. இப்ப பெருநாளைக்கு. ஏனெண்டு நினைக்க எனக்கொரு காரணம் வேணுந்தானே."

"எனக்கு அதுக்கு மறுமொழி தெரியா மாமி" என்றாள் அசனா. "நான் ஒண்டு சொல்லுறன். இனி வெள்ளிக்கு நானும் சேர்ந்து வாறன். நான் வராம இவர் தனிய வந்தா, உள்ள எடுக்காதீங்க."

"அப்ப என்ட மகனுக்கு என்ட வீட்டுல நீ சட்டம் போடுறாய்."

"ஓம்."

மாமி அவளை மேலும் கீழும் பார்த்தார். மன்னித்தாரா இல்லையா என்று அந்த முகத்தில் தேட முடியவில்லை. தனக்கென்று இன்னொரு கோப்பை ஊற்றச் சொன்னார். ஒரு மிடறு குடித்துவிட்டு, "சீனி கூடிப்போச்சி" என்றார். ஆனால் அடிவரைக்கும் குடித்தார். அசனா ஊதியதைத்தான் குடித்தார்.

அவர்கள் புறப்படும் நேரத்தில், உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "அலுமாரிக்குக் கீழ கிடக்கிற அந்த இரும்புப் பெட்டிக்குள்ள எலி குட்டி போடப் போகுது. கொண்டு போறெண்டா கொண்டு போ. தண்ணிப் பம்புக்குப் பூட்டுற பெரிய ஸ்பானரை மட்டும் இங்க வை. அதுக்கு நீதான் வரணும்."

கிண்ணியாப் பாலத்தில் காற்று அடித்தபோது பெட்டி மோட்டார் சைக்கிளில் முன்னால் இருந்தது. அப்ராஸ் முழங்காலை அகட்டிப் பிடித்து ஓட்டினான். பின்னாலிருந்த அசனாவுக்குப் பெட்டிக்குள் இரும்புகள் ஒன்றோடொன்று உரசுவது கேட்டது. வீடு வரும்வரை அந்தச் சத்தம் நின்றுவிடுமோ என்று காதைக் கொடுத்துக்கொண்டே வந்தாள்.

பெட்டியைப் படுக்கையறையில், அந்த யன்னலுக்குக் கீழேயே வைத்தான்.

அடுத்த நாள் காலை அவன் குசினி வாசலில் நின்றே தேத்தண்ணி குடித்தான். மீசையைத் துடைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். அசனா அறையைக் கூட்டப் போனாள். தும்புத்தடியை நிலத்தில் வைத்தவள் கல்லாகிப்போனாள். யன்னலிலிருந்து சுவர் வழியாகச் சிற்றெறும்பு வரிசை இறங்கிக்கொண்டிருந்தது.

நேற்றுக் குடித்ததும் இன்று குடித்ததும் நடிப்புத்தானா? யன்னலால் எட்டிப் பார்த்தாள். வெளியே மண் காய்ந்து கிடந்தது. எறும்புகள் வெளியே போகவில்லை, உள்ளே வந்துகொண்டிருந்தன. வரிசையைக் கண்ணால் தொடர்ந்தாள். சுவர், நிலம், பெட்டியின் பக்கம், மூடியின் இடுக்கு.

மூடியைத் திறந்தாள். ஸ்பானர்களின் மேல், எண்ணெய்த்தாளில் சுற்றி, தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதல் இனிப்பு ஒரு பெரிய துண்டு இருந்தது. பெரிய ஸ்பானரை வெளியே எடுத்து வைத்த பிறகு, மகன் பெட்டியைத் தூக்க முன்னர் மாமி சத்தமில்லாமல் உள்ளே வைத்திருக்க வேண்டும். அப்ராஸ் தொதல் தொடமாட்டான். பல்லில் ஒட்டும் என்பான். அது மாமிக்குத் தெரியாததா? அப்படியென்றால் இது அவளுக்கு.

"என்னடி கையில?" யன்னலுக்கு வெளியே பஹ்மியாவின் முகம் தெரிந்தது. எறும்பு பார்க்கத்தான் அவளும் வந்திருந்தாள்.

"மாமி வச்சிருக்கா."

"சொல்லிட்டுத் தந்தாவா?"

"இல்ல. பெட்டிக்குள்ள இருந்திச்சி."

"சொல்லாமலா?" பஹ்மியா யன்னல் கம்பியைப் பிடித்தாள். குரல் தாழ்ந்தது. "தின்னாத புள்ள. அந்த மனிசி என்னத்தை ஓதி வச்சாவோ ஆருக்குத் தெரியும்."

அசனா தொதலைப் பார்த்தாள். கறுத்து, நெய் மினுங்க, மேலெல்லாம் எறும்பு மொய்த்திருந்தது. ஒரு நொடி, ஒரேயொரு நொடி, அவளுடைய விரல்கள் தயங்கின. கிணற்றடியில் தண்ணி ஊற்றும் சத்தம் நின்று, அப்ராஸ் வருகிற காலடி கேட்டது.

அவள் குனிந்து, எறும்புகள் போகப் பூ என்று ஒருதரம் ஊதினாள். ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டாள்.